எரவாணத்தில் இருக்கும் மருந்து



கல்வியின் மேன்மை குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். நமக்கு முன்னர் பேசிய பெரியோர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டார்கள். ஆகவே, கடத்தூர்ப் பகுதியில் நம் வீட்டு எரவாணங்களில் செருகி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொட்டலத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். அது ஆட்டுக்கும் கோழிக்கும் வாங்கியதில் மிஞ்சிய மருந்து. அவசரத்திற்கு ஆகும் என்று வைத்திருக்கிறோம். அவசரமோ ஆட்டுக்கு மட்டும் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். விடை தெரிந்தாலும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சொல்வாள். பற்களில் பழுப்பும் சாம்பலும் கலந்த பட்டைகள். தருமபுரி மாவட்டத்து ஆசிரியருக்குக் கறைப்பல் புதிதன்று. நிலத்தடி நீரிலுள்ள புளூரைடு நம் பிள்ளைகளுக்குச் செய்த தீங்கை அறிவோம். 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அத்தீங்கைப் போக்கவும் வந்ததே. இதுவும் அதுவே என்று நாம் முடிவு கட்டினோம், பிழை நம்முடையது. முகாமுக்கு வந்த பல் மருத்துவர் ஒருவர் பட்டைகளை உற்று நோக்கிவிட்டு, குழந்தைப் பருவத்தில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று தாயாரை வினவினார். காய்ச்சல் கண்டபோதெல்லாம் கோழிக்குத் தண்ணீரில் கரைத்து வைக்கும் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்துக் கொடுத்ததாக அவர் கூறினார். மறைக்காமல் கூறினார், அதில் தீங்குண்டு என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை.

அத்தூள் ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக். டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகள் வளரும் பல்லின் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்துவிடும். ஆதலின் எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இவற்றைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். அக்கறை துலக்கினால் போவதன்று. பல்லுக்கு உள்ளேயே இருப்பது.

மாட்டுக்கும் மனிதனுக்கும் மருந்து ஒன்றுதானே என்று படித்த இளைஞர்களே நம்மிடம் வாதிடுவதுண்டு. சில மருந்துகளில் பெயர் ஒன்றுதான். ஆனால் முந்நூறு கிலோ மாட்டுக்கு வகுத்த அளவைப் பன்னிரண்டு கிலோ குழந்தைக்குச் சிட்டிகையால் அளப்பது எங்ஙனம்? என்ரோபிளாக்சசின் போன்றவை கால்நடைகளுக்கென்றே உள்ளவை, மனிதருக்கு வழங்கப்படுவதில்லை. பென்சிலின் ஒவ்வாதவருக்கு ஓர் ஊசியே உயிரைப் பறிக்கலாம். கெட்டுப்போன பழைய டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைத் தாக்கியதை 1963ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் எரவாணமோ கோடையில் அடுப்புப் போல் கொதிக்கிறது. இவ்வளவும் போக, டெங்கு போன்ற வைரசுக் காய்ச்சல்களை இம்மருந்து எதுவும் செய்யாது. காய்ச்சல் தானே தணிந்தாலும் பெயர் மருந்துக்கு. தணியாவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய இரண்டு நாட்கள் வீணாயின. அரைகுறை அளவில் உண்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார்.

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கால்நடை மருந்தின் மேல், மனிதர் பயன்பாட்டிற்கு அன்று என்னும் எச்சரிக்கையோடு வீட்டு விலங்கொன்றின் தலையையும் படமாகப் பொறிக்க வேண்டும். எழுத்தறியாதவருக்கும் படம் விளங்கும். ஆயினும் கடைக்காரர் சில்லறையாகத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டால் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. அத்தாய்க்குக் கிடைத்தது அப்படிப்பட்ட பொட்டலமே.

அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இரவில் பேருந்து இல்லை. மறுநாள் போனால் ஒரு நாள் கூலி போகும். முன்னொரு முறை சென்ற மருத்துவமனையில், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தொடாமலே சீட்டு எழுதியதாகச் சொன்னார். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். கால்நடைகள் குடித்த அந்நீர் நம்மவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. இன்றோ கால்நடையின் மருந்து நமக்குத் தடையின்றிக் கிடைக்கிறது. மனிதனின் மருத்துவரிடம் செல்லத்தான் தயங்குகிறோம். இதை எண்ணுந்தோறும் நமக்கு உறக்கம் வருவதில்லை.

எனவே சங்கத்தாரிடம் ஒன்று வேண்டுகிறோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவமும் மருந்தும் இலவசம். 108 ஊர்தி 2008ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் ஓடுகிறது. 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். எண்கள் எல்லாருக்கும் தெரியும். உடன் வர ஆள்தான் இல்லை. தெருவுக்கு இருவராகப் படித்த பிள்ளைகளை அமர்த்துங்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் தாயோடும் பிள்ளையோடும் அவர்கள் செல்லட்டும். சீட்டை வாங்கிப் படிக்கட்டும். மரியாதையின்றி எவரேனும் பேசினால், பெயரையும் நேரத்தையும் குறித்து எழுத்தில் முறையிடட்டும். முதல் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. மிதிவண்டியும் நன்றாகவே இருக்கிறது.

எரவாணத்துப் பொட்டலங்களைக் கிணற்றிலோ குப்பை மேட்டிலோ எறிய வேண்டா. வரும் ஞாயிறன்று சங்கக் கட்டடத்திற்குக் கொண்டு வாருங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு ஆவன செய்வோம்.