வெளிநாட்டு மார்க்கும் நம் ஊர்க் கணக்கும்

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லாரியில் இறங்குகிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர் எடையை மட்டும் பார்த்தா விலை போடுகிறார்? மாவுச்சத்து எத்தனை பாயிண்டு என்று பார்த்துத்தான் போடுகிறார். வியாபாரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கிழங்குக்கு இவ்வளவு விசாரிக்கிற நாம், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மட்டும் ஏஜென்ட் நீட்டும் பளபளப்பான காகிதத்தை நம்பிவிடுகிறோமே, இது என்ன நியாயம்?

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1.0 தான் உச்சம். 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. மகன் 1.3 வாங்கினேன் என்றால் தகப்பனார் தலையில் கை வைக்க வேண்டாம். இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம். நம் மார்க்கை மாற்ற அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. உச்ச மார்க்கிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதை உச்ச மார்க்குக்கும் தேர்ச்சி மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுகிறார்கள். நூற்றுக்கு 80 வாங்கியவருக்குத் தேர்ச்சி மார்க் 50 என்றால் 2.2, தேர்ச்சி மார்க் 40 என்றால் 2.0. அதே 80 தான்! இந்தத் தேர்ச்சி மார்க்கை விண்ணப்பத்தில் தவறாக எழுதினால் இடமே கைவிட்டுப் போகலாம்.

அங்கே விரிவுரைக்குப் பெரும்பாலும் வருகைப் பதிவு கிடையாது. பையன் அறையில் தூங்கினாலும் கேட்பாரில்லை. ஆனால் ஒரு பாடத்தை எழுத அநேகமாக மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தவறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதே படிப்பை அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. நம் ஊர் அரியர் கணக்கு அங்கே செல்லாது.

பிரிட்டனில் 70 வாங்கினாலே முதல் வகுப்பு. 62 வந்துவிட்டதே என்று அழுகிற பிள்ளைக்கு அது நல்ல மார்க் என்று யாராவது சொல்ல வேண்டும். ஆனால் பிறர் எழுத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்து எழுதினால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். அறிவிப்பாளர் வரிசை இல்லாமல் ஒரு ஹதீஸை ஏற்காத சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தெரிவதுதான் எனக்கு வியப்பு!

இனி மருத்துவம். நம் பணம் அதிகம் போகும் வழி இதுதான். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே 150 இடங்கள். கிடைக்காதவர்கள் ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று போகிறார்கள். ரஷ்யாவில் 5 உச்சம், 3 தேர்ச்சி, 2 தோல்வி. பல பாடங்களில் ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள கேள்விக்குப் பேராசிரியர் முன் வாயால் பதில் சொல்ல வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் கிடக்கும் நோயாளி பேசுவது ரஷ்ய மொழி.

ஐந்தும் நாலுமாக வாங்கித் திரும்பியவர், 2002 முதல் நடக்கும் தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். அத்தனையும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். படித்த முறை ஒன்று, சோதிக்கும் முறை வேறு. பல தடவை எழுதியவர்களில் நாலில் ஒருவர்கூடத் தேறவில்லை. நகையை விற்றும், அல்லாஹ் தடுத்த வட்டிக்கு வாங்கியும் அனுப்பிய குடும்பத்தின் கதியை எண்ணிப்பாருங்கள்!

2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் விதிகளைக் கடுமையாக்கியது. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அந்நாட்டுக் குடிமகனைப் போல் அங்கே மருத்துவம் பார்க்க அப்பட்டம் தகுதி தர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய வழியில்லை.

இவற்றை ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். கொடுத்த காகிதம் புரியவில்லையா? ஜும்ஆ முடிந்ததும் கொண்டுவாருங்கள், இன்ஷா அல்லாஹ், பள்ளியிலேயே உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.