விரிசல் உரைக்கும் செய்தி

மட்டாஞ்சேரித் தெருக்களில் நடப்பவர் எவரும் விரிசல் கண்ட சுவரொன்றைக் காணாது செல்லுதல் அரிது. செம்புரைக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பழைய மனைகளும் பண்டகசாலைகளும் நிறைந்த ஊர் இது. இவற்றில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சுவரில் கோடொன்று தோன்றினால், பழைய வீடுதானே என்று வெள்ளையடித்து மறைத்துவிடுகிறோம். பல நூற்றாண்டு மழையைத் தாங்கி நின்ற இவ்வூர்க் கடவும்பாகம் யூத ஆலயத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. பழமை ஒன்றே காப்பாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விரிசல் என்பது வெறும் கோடன்று. ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டு, பின்னர் கையாலேயே நேராகக் கிழித்துவிடுகிறார். அவ்வெட்டு இல்லாவிடில் எவ்வளவு இழுத்தாலும் துணி எளிதில் கிழிவதில்லை. இழுக்கும் விசை முழுவதும் வெட்டின் நுனியில் வந்து குவிவதே காரணம். தகட்டில் வட்டமான துளை இருந்தால் அதன் விளிம்பில் இழுவிசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். துளை நீண்டு நுனி கூர்மையாகக் கூர்மையாக அது பன்மடங்கு பெருகும். இதனை இங்கிலீசு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1913இல் கணக்கிட்டுக் காட்டினார். 1921இல் கிரிபித் என்பவர் மேலும் ஓருண்மையை விளக்கினார். விரிசல் ஒரு குறிப்பிட்ட நீளத்தை எட்டும்வரை அடங்கியிருக்கும். அதனைக் கடந்தாலோ, பொருளில் தேங்கியுள்ள ஆற்றலையே உணவாகக் கொண்டு தானே ஓடத் தொடங்கும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டு துறையில் கட்டப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், அலையோ புயலோ இன்றியே நடுவில் பிளந்தது இவ்வாறுதான்.

கான்கிரீட்டின் இயல்பு சற்று வேறு. அது அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவேதான் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். மயிரிழை போன்ற விரிசல் கான்கிரீட்டில் தோன்றுதல் இயல்பே. ஆயினும் கொச்சி போன்ற கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் அவ்வழியே நுழைந்து கம்பியை அரிக்கின்றன. துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. விரிசல் துருவை அழைக்க, துரு விரிசலை வளர்க்கிறது.

கொச்சியிலேயே பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. உத்தரங்களில் விரிசல் காணப்பட்டமையால் 2019 மே மாதத்தில், மூன்றாண்டு நிறைவதற்குள், மூடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர்களும் அதனை ஆராய்ந்தனர். 2020 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இசைவளித்தபின், பழைய உத்தரங்கள் அகற்றப்பட்டு, முன்னிறுக்கிய கான்கிரீட் உத்தரங்கள் ஏற்றப்பட்டன; தூண்களும் வலுப்படுத்தப்பட்டன. 2021 மார்ச்சில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. பொருளிழப்பு பெரிதே. எனினும் பாலம் இடிந்து ஓருயிரும் போகவில்லை. விரிசல் கண்டபின் அதன்மேல் வண்டிகளை ஓடவிடாமல் நிறுத்தியதன் பயன் அது.

இனி நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். பூச்சில் மட்டும் வலைபோலப் படரும் நுண்கோடுகளுக்கு அஞ்சவேண்டுவதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே செல்லச் செல்ல அகலும் விரிசல், கூரைத் தளத்தில் கம்பியின் போக்கிலேயே ஓடித் துருக்கறை காட்டும் விரிசல், கதவு திடீரென இறுகுதல் ஆகியவை எச்சரிக்கைகள். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைப்போம். அகலத்தையும் அளந்து குறிப்போம். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் காரையால் ஒட்டிவைத்தலும் நன்று. அது உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். மாதந்தோறும் பார்த்து, நீளம் கூடியிருப்பின் பொறியாளரை அழைக்கத் தாமதிக்கலாகாது.

வேற்றூரில் வாழும் நமக்கு வீட்டுக்காரரிடம் முறையிடச் சொற்கள் போதாமல் போகலாம். தேதியிட்ட அந்தப் பென்சில் கோடுகளை அவருக்கு எவரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டுவதில்லை. வெள்ளையடிக்கும் முன் அவற்றை எழுதிவைப்போமாக.