கடன் வாங்கிக் கல்யாணம்: மன்னார்க் கரையிலிருந்து நமக்கு ஒரு கணக்கு

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கடன் வாங்கி கல்யாணம்' என்று 1958ஆம் ஆண்டிலேயே ஒரு சினிமாப் படம் வந்தது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தது. படத்தில் பார்த்தால் சிரிக்கலாம். லயத்தில் நடக்கும்போது சிரிப்பு வராது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். ஆனால் பேச்சை நம்ம மலையில் தொடங்காமல் மன்னாரில் தொடங்குகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

மன்னார் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் பூட்டன் பூட்டிமார் தோணியில் வந்து இறங்கிய கரை அது. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பிற்காலத்தில் அந்த நடை நின்றது; 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கி, ரயிலும் அதோடு சேர்ந்தது. கடன் மட்டும் நிற்கவில்லை. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணி கணக்கில் பற்று. அப்புறம் சாவு, சடங்கு, கல்யாணம் என்று போய் நின்றாலும் அதே கணக்கில்தான் ஏறும். 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பது. மனிதனுக்கு விலை போட்ட மாதிரித்தான். 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இப்போது அதே மன்னாருக்கு வருவோம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டுப்போன நம்ம சனங்களும் வன்னியில், மன்னார்ப் பெருநிலப் பக்கத்தில் இருக்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்ததும் அங்கே பாதை திறந்தது. பாதையோடு கடன் கொடுக்கும் கம்பனிகளும் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்க வைத்து, கிழமைத் தவணையில் கொடுக்கிற நுண்கடன். கடதாசியில் கோழி வளர்ப்பு, தையல் மெஷின் என்று எழுதியிருக்கும். காசு எங்கே போனது என்று பார்த்தால், பாதி கட்டி நின்ற வீட்டுக்கும், பழைய கடனுக்கும், சில வீடுகளில் மகளின் கல்யாணத்துக்கும்.

அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. இத்தனை வருஷம் பதுங்கு குழியிலும் முகாமிலும் கிடந்த தாய்க்கு, ஒரு நாளாவது பிள்ளையை ராணி மாதிரி நிறுத்திப் பார்க்க ஆசை வராதா? ஆசை நியாயமானது. கணக்குத்தான் ஒத்துவராதது.

பேசாலைப் பக்கம் ஒரு மீனவக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்யாணத்துக்கு அம்மா ஒரு இலட்சம் எடுக்கிறார். வட்டி வருஷத்துக்கு 24 வீதம்தான் என்கிறார் கம்பனித் தம்பி. 52 கிழமை, கிழமைக்குச் சுமார் 2,385 ரூபா. மொத்தம் 1,24,000. பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பாருங்கள், பாதி வருஷத்தில் பாதி முதலை அடைத்துவிடுகிறோம். வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் போட்டபடியே நிற்கிறது. குறைகிற முதலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் அது 40 வீதத்தையும் தாண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் வட்டி 220 வீதம் வரை போனதாகச் சொன்னார்.

கடலோ கிழமைக் கணக்குப் பார்த்து மீன் தராது. வாடைக் காற்று அடித்தால் வடக்குப் பக்கம் வள்ளம் இறங்காது. சோளகம் அடித்தால் தெற்குப் பக்கம் இறங்காது. இந்திய இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போனால் புது வலைக்கு வேறு கடன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. தவணை ஒரு ரூபாவும் குறையவில்லை. நமக்கும் அப்படித்தானே? மழை பிடித்தாலும், கொழுந்து குறைந்தாலும், பேர் விழாவிட்டாலும் தவணைக்காரர் அதே நாளில் வாசலில் நிற்பார். அம்மா பின்பக்கக் கதவால் போய்விட்டால், குழுவில் பிணை நின்ற அடுத்த வீட்டு அக்கா கட்ட வேண்டும். கல்யாணத்தில் ஒரு பிடி சோறு தின்றதற்கு அந்த அக்கா கொடுக்கிற விலை அது.

2018இல் அரசாங்கம், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு மேற்படாத, மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நின்ற நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. மன்னாரும் அதில் ஒன்று. நம்ம நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, "கவர்மெண்ட் என்னைக்காவது வெட்டி விடும்" என்று நினைத்து யாரும் கையெழுத்து வைக்காதீர்கள்.

இனி நம்ம வீட்டுக் கணக்கு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2025இல் தங்கம் பவுனுக்கு மூன்று இலட்சத்தைத் தாண்டிப் போனது. அதாவது ஒரு பவுனுக்கு 222 பேர். மாதம் 25 பேர் போட்டாலும், வீட்டில் ஒருவரும் சோறு தின்னாமல் இருந்தால், ஒன்பது மாதம். மாப்பிள்ளை வீட்டார் "அஞ்சு பவுன் போட்டா போதும்" என்று தாராளமாகச் சொல்கிறார்களே, அந்தப் 'போதும்' நாலு வருஷ மலையேற்றம். அந்தச் சங்கிலிதான் பிறகு முதல் ஆளாக அடகுக் கடைக்குப் போகிறது. பட்டுச்சேலை கசங்கும் முன்னே தாலிக்கொடியும் போன வீடுகளை நாம் பார்க்கவில்லையா?

"மொய் வரும், அதில் அடைச்சிடலாம்" என்பார்கள். மொய் வரவு இல்லை, அம்மா. அதுவும் கடன்தான். நோட்டில் எழுதி வைத்ததை அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். மண்டபம், பந்தல், வீடியோக்காரர், வாகனம் எல்லோரும் அன்றைக்கே காசு எண்ணிக்கொண்டு போவார்கள். மொய்க் கடனும் தவணைக் கடனும் மட்டும் நம் வீட்டில் தங்கும்.

இன்னொன்று, ஆண்கள் கோபிக்கக் கூடாது. கடனில் கையெழுத்து யாருடையது? பெரும்பாலும் அம்மாவுடையது. செலவை முடிவு பண்ணுவது யார்? அப்பா, மாமா, சித்தப்பா, லயத்துப் பெரியவர்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பவர்கள் கிழமைத் தவணைக்கு வந்து நிற்பதில்லை. ஆகவே பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்பே, தவணை கட்டப்போகிறவரையும் கல்யாணப் பெண்ணையும் உட்கார வைத்து, கையில் இருப்பது எவ்வளவு என்று எழுதுங்கள். முதலில் விவாகப் பதிவு; அதற்குப் பெரிய காசு வேண்டாம். பிறகு கோயிலில் தாலி, சொந்தத்துக்குச் சாப்பாடு. கையிலுள்ளது தீர்ந்த இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே வருவது எதுவானாலும் இரண்டு வீட்டாரும் பேசி வெட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால், அதுவும் தாலி ஏறும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சேதிதான்.

அப்படியும் கடன் எடுத்தே ஆக வேண்டும் என்றால், நின்ற நிலையில் கையெழுத்து வைக்காதீர்கள். கடதாசியை வீட்டுக்குக் கொண்டு வந்து, படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி முழு முதலுக்கா குறைகிற முதலுக்கா, ஒரு தவணை தவறினால் எவ்வளவு கூடும் என்று கம்பனித் தம்பியிடம் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுதித்தர மாட்டேன் என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.