பஸ் முதலாளியுடையது, பாதை யாருடையது?

(வேங்கிக்காலில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உருவாக்கினார்கள். அந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இதோ, நம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் மனு கொடுக்க ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள்.

சென்ற மாதம் அந்த வாசலில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். முதியோர் உதவித்தொகை கேட்டு வந்தவர். ஊரிலிருந்து பஸ் நிலையம் வரை அரசு டவுன் பஸ். காசு இல்லை. பஸ் நிலையத்திலிருந்து இங்கே வர ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். திரும்பிப் போகவும் எண்பது. "மனு எழுதுன தம்பிக்கு இருபதுதாம்ப்பா குடுத்தேன், ஆட்டோவுக்குத்தான் நூத்தி அறுபது" என்றார். சிந்தித்துப் பாருங்கள். அரசாங்கம் தன் அலுவலகத்தை ஊருக்கு வெளியே கொண்டு வந்து வைத்தது. அந்தக் கடைசி மூன்று, நான்கு கிலோமீட்டரை யார் பொறுப்பில் விட்டது?

உடனே ஆட்டோக்காரரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். அவர் யார்? நம் தெருப் பிள்ளைதான். வண்டிக்குக் கடன், கடனுக்கு வட்டி, வருடம் பிறந்தால் இன்சூரன்ஸ், பிறகு எப்.சி., டயர். 2013 ஆகஸ்டில் சென்னைக்குத் தமிழக அரசு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பத்து ஆண்டுகள் கடந்தும் அதைத் திருத்தவில்லை. பெட்ரோல் விலை அந்த அரசாணையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதா? கட்டுப்படியாகாத கட்டணத்தை எழுதி வைத்தால் மீட்டர் ஓடாது, பேரம்தான் ஓடும். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வது பெரும்பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆட்டோ மீட்டரும் ஓர் அளவைதான். ஆனால் படிக்கல்லையே தவறாக அடித்துக் கொடுத்துவிட்டு வியாபாரியை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்?

தீபத் திருவிழா வந்தால் நம் மாவட்ட நிர்வாகம் ஆட்டோக் கட்டணத்தை அறிவிக்கிறது. வெளியூர்ப் பக்தர்கள் ஏமாறக் கூடாது என்ற அக்கறை நல்லது. திருவிழா முடிந்த மறுநாள் அந்த அக்கறை எங்கே போகிறது? வருடம் முழுக்க இங்கேயே வாழ்கிறவனுக்கு அந்தக் கட்டணம் வேண்டாமா?

தனியார் என்றாலே கொள்ளை என்று பேசுகிறவன் நான் அல்ல. 1912-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் விட்டார். டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்வோம் என்று மதுரைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1972-ல் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன் என்று அரசுக் கழகங்கள் வந்தன. லாபம் வராத கிராமத்துக்கும் பஸ் போனது அதன் பிறகுதான். பள்ளிப் பிள்ளைக்கு இலவச பாஸ் செல்வது அரசு பஸ்ஸில்தான். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததும் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில்தான்.

இந்த இலவசப் பயணத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்கள் கொடுக்காத டிக்கெட் பணத்தை அரசு தன் கஜானாவிலிருந்து போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. சேவையை உத்தரவிட்டவர் அதற்குரிய பணத்தையும் தருகிறார். இதுதான் முறை. இதே முறையை மினி பஸ்ஸில் கடைப்பிடித்தார்களா?

1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. பஸ்ஸே போகாத பாதையில் 16 கிலோமீட்டர், ஏற்கெனவே பஸ் ஓடும் பாதையில் 4 கிலோமீட்டர், ஆக மொத்தம் 20 என்று வகுத்தார்கள். நோக்கம் அருமையானது. நடந்தது என்ன? கூட்டம் அந்த 4 கிலோமீட்டரில் இருந்தது. கிராமத்துக் கடைசி நிறுத்தத்தில் நான்கு பேர்தான். காலையில் பள்ளிக்கூட நேரத்தில் வரும் வண்டி மதியம் வராது. இரவு கடைசி ட்ரிப் 'ரிப்பேர்'. கேட்டால், "டீசலுக்கே வரலை பாய்" என்பார்கள். அது பொய்யும் அல்ல. அந்த நஷ்ட ட்ரிப்புக்கு யாரும் அவருக்குப் பணம் தரவில்லை. ஆனால் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டுதானே பர்மிட் வாங்கினார்? மருத்துவமனையிலிருந்து திரும்பும் கர்ப்பிணிப் பெண் அந்தக் கடைசி ட்ரிப்பை நம்பித்தானே நிற்கிறாள்?

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். மொத்த தூரம் 25 கிலோமீட்டர் வரை, அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதை. முதலாளிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறார்கள். சரி. கடைசி ட்ரிப்புக்கு என்ன உத்தரவாதம்?

அதே 2025 ஜூன் 30-ல் சென்னையில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டியும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்துடையவை. நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். கட்டணமும் பாதையும் கழகத்தின் கையில். ஓடிய கிலோமீட்டருக்குத்தான் நிறுவனத்துக்குப் பணம். கூட்டத்தைப் பிடிக்க முந்திக்கொண்டு பறக்க வேண்டியதில்லை, ஆளில்லை என்று பாதி வழியில் திருப்ப வேண்டியதில்லை. நிரந்தர ஓட்டுநர் வேலை குறைந்துவிடும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமானது. படித்த நம் பிள்ளைகளின் அரசு வேலையும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனாலும் பணம் கொடுக்கும் முறையில் பாடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1986-ல் லண்டனுக்கு வெளியே பஸ்களைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டார்கள். மான்செஸ்டரில் 2023-ல் தொடங்கி 2025 ஜனவரிக்குள் எல்லாப் பாதைகளையும் மறுபடி பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தார்கள். பஸ்ஸை இன்றும் தனியார்தான் ஓட்டுகிறார்கள். நேரமும் கட்டணமும் அவர்கள் இஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவு கட்டணம் நிர்ணயிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. 72-வது பிரிவின்படி பர்மிட்டில் நிபந்தனை போடலாம். நிபந்தனையை மீறினால் 86-வது பிரிவின்படி பர்மிட்டை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆகவே, ஒவ்வொரு மினி பஸ்ஸின் நேரப் பட்டியலையும் அது நிற்கும் ஊரில் பலகையில் எழுதி வையுங்கள். இரவுக் கடைசி ட்ரிப்பை நிபந்தனையாக்குங்கள். நஷ்டம் என்றால் கணக்குப் பார்த்து அந்த ட்ரிப்புக்கு மட்டும் அரசு ஈடு கொடுக்கட்டும். திருவண்ணாமலைக்கு ஆட்டோக் கட்டணத்தை ஓட்டுநர்களையும் உட்கார வைத்துப் பேசி, வருடம் முழுவதற்கும் அறிவியுங்கள். திங்கட்கிழமைகளில் பஸ் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இடையே அரை மணிக்கு ஒரு டவுன் பஸ் விடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் மினி பஸ் எந்தத் தேதியில், எந்த ட்ரிப் வரவில்லை என்று வண்டி எண்ணோடு ஒரு நோட்டில் ஒரு மாதம் குறித்து வையுங்கள். "பஸ் சரியாக வருவதில்லை" என்று மட்டும் எழுதிய மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில்தான் வரும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்போம்.