அழையாமல் வந்து இணையும் தொலைபேசிகள்

(உக்குவளையில் நடைபெற்ற எமது சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சமயமுமன்று, இலக்கியமுமன்று. கைக்குள் அடங்கும் ஒரு கருவியைப் பற்றியது. புளூடூத் ஒலிபெருக்கியில் வேண்டாத தொலைபேசி வந்து இணைவதை எங்ஙனம் தடுப்பது என்பதே அது. இதற்கும் ஒரு பேச்சா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இந்தச் சிறு கருவியை முன்னிட்டு அடுத்தடுத்த லயக் காம்பராக்காரர் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதை அவர்களே கண்டிருப்பர். ஒரு வீட்டிற் காலையில் தேவாரம் ஒலித்துக்கொண்டிருக்கும். திடீரென்று பாட்டு நிற்கும். "கனெக்டட்" என்று ஒரு பெண்குரல் கேட்கும். அடுத்த கணம் சினிமாப் பாட்டு. உடனே, "பக்கத்து வீட்டுப் பயல் வேண்டுமென்றே செய்தான்" என்று வழக்குத் தொடங்கிவிடும். அந்தப் பயல் செய்தானா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுமுன், கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்றே பார்ப்போம்.

பெயரிலிருந்து தொடங்கலாம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னனுக்கு வழங்கிய பட்டப்பெயரே புளூடூத். தமிழில் நீலப்பல்லன் எனலாம். சிதறிக்கிடந்த மக்களை ஒன்றாக்கியவன் என்று அவனைச் சொல்வர். சுவீடனில் எரிக்ஸன் கம்பெனியார் 1994 இல் தொடங்கிய வேலையை, 1998 இல் இன்டெல், நோக்கியா, ஐ.பி.எம்., தொஷிபா ஆகியோரும் கூடி ஒரு பொதுமுறையாக்கினர். ஒன்றாக்குவதற்கென்று சூட்டிய பெயர் எமது லயங்களிற் சண்டைக்குக் காரணமாயிற்று, பாருங்கள்!

இது வானொலி அலையாற் செய்யும் வேலை. ஒலிபெருக்கிகளிற் பயன்படும் பழைய புளூடூத் முறையில் 79 அலைவரிசைகள் உண்டு. கருவியும் தொலைபேசியும் அவற்றிடையே விநாடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே பேசும். ஆகவே நடுவிற் புகுந்து ஒட்டுக்கேட்பது எளிதன்று. குறைபாடு வாசலிலேதான் இருக்கின்றது. சிறு கருவிகளின் எல்லை ஏறக்குறைய 10 மீற்றர். வலுக்கூடியவற்றுக்கு வெட்டவெளியில் 100 மீற்றர் வரை செல்லும். சுவர் அலையைச் சற்றுத் தளர்த்துமேயன்றி நிறுத்திவிடாது. ஒரு காம்பராவில் வைத்த ஒலிபெருக்கி, லயத்தில் இப்புறம் ஒரு வீட்டுக்கும் அப்புறம் ஒரு வீட்டுக்கும் தெரிவது இதனாலேதான்.

இரண்டு கருவிகள் முதன்முறை இணையும்போது ஓர் இரகசியத் திறவுகோலை உண்டாக்கி, இரண்டும் அதை நினைவில் வைத்துக்கொள்ளுகின்றன. நாம் படித்த மிஷன் பாடசாலை விடுதியில் வாயிற்காவலர் ஒருவர் இருந்தார். புதிதாக வருபவரின் பெயரைக் கொப்பியில் எழுதுவார். ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு எதுவும் கேட்கமாட்டார். ஒலிபெருக்கியும் அத்தகையதே. பல கருவிகள் ஏழெட்டுப் பெயர்களை அவ்வாறு எழுதி வைத்திருக்கும்.

முதன்முறை வருபவரையாவது அது விசாரிக்கின்றதா? முற்காலக் கருவிகள் 0000 அல்லது 1234 என்னும் இலக்கத்தைக் கேட்டன. 2007 இல் வந்த புதிய முறையில் அதுவும் போய்விட்டது. இரண்டு பக்கமும் திரையுள்ள கருவிகள் ஆறிலக்க எண்ணொன்றைக் காட்டி, சரிதானா என்று கேட்கும். ஒலிபெருக்கிக்கோ திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை; ஆகவே வாசல் திறந்திருக்கும் வேளையில் வருபவரைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும். மலிவான கருவிகள் பல, தமக்குப் பழக்கமான தொலைபேசி அருகில் இல்லையென்றால் தாமாகவே வாசலைத் திறந்துவிடுகின்றன. நீங்கள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போன ஐந்து நிமிடம் போதும்.

எம் அநுபவத்திற் பார்த்தவரையில், குழப்பம் செய்தவை பெரும்பாலும் அந்நியத் தொலைபேசிகளல்ல. சென்ற வருடம் கலியாண வீட்டுக்கு வந்து பாட்டுப் போட்ட மைத்துனரின் தொலைபேசி, வாசலிலே வந்து நின்றதும் பழைய உரிமையோடு தானே இணைந்துகொள்ளும். அவர் அதைத் தொட்டிருக்கவும் மாட்டார். இன்னொன்றும் உண்டு. மாத்தளைக் கடைத்தெருவில் ஒரே வகை ஒலிபெருக்கியை இரண்டு வீட்டார் வாங்கினால், இரண்டும் ஒரே பெயரோடு திரையில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் தன்னுடையதென்று நினைத்து உங்களுடையதைத் தொட்டிருப்பான். வேண்டுமென்றே செய்பவரும் இல்லாமலில்லை. ஆனால் முதலில் அவரைத் தேடவேண்டியதில்லை.

இனிச் செய்யவேண்டியவை. முதலாவது, காவலரின் கொப்பியைக் கிழிப்பது. பல கருவிகளில் இரண்டு பொத்தான்களை ஒருங்கே சில விநாடி அழுத்திப் பிடித்தால் நினைவு முழுதும் அழியும். எந்தப் பொத்தான்கள் என்பது கருவிக்குக் கருவி வேறு. பெட்டியோடு வரும் கையேட்டைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். புளூடூத் பொத்தானை மாத்திரம் அழுத்தினால் பெரும்பாலும் புதியவருக்குக் கதவு திறக்குமேயன்றிப் பழைய பெயர்கள் அழியா. உங்கள் தொலைபேசியில் "மறந்துவிடு" என்று கொடுப்பதாலும் மற்றவர் பெயர் அழியாது. கம்பெனியார் தரும் செயலி இருந்தால் அதில் ஒலிபெருக்கியின் பெயரை மாற்றலாம். ஒரே நேரத்தில் இரண்டு தொலைபேசிகளை ஏற்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடலாம்.

பூசை, பஜனை, கூட்டம் என்றால் ஒரு தொலைபேசியை அதற்கென்றே ஒதுக்குங்கள். பாட்டுகளை முன்னரே அதில் இறக்கி, விமானப் பயண நிலையில் வைத்து, புளூடூத்தை மட்டும் மீண்டும் இயக்கி, ஒலிபெருக்கியின் அருகிலேயே வைத்துவிட்டால் அழைப்பும் வராது, இணைப்பும் அறாது. ஒரு தொலைபேசி பிடித்துக்கொண்டிருக்கும்வரை சாதாரணக் கருவி இன்னொன்றை ஏற்பதில்லை. எல்லாவற்றிலும் உறுதியானது, இளைஞர் சிரித்தாலும் சொல்லுகின்றோம், வயர்தான். 3.5 மில்லிமீற்றர் துளையில் வயரைச் செருகி, கருவியை அந்த நிலைக்கு மாற்றிவிட்டால் எந்தத் தொலைபேசிக்கும் அங்கே பேச்சில்லை.

ஒலிபெருக்கியிற் போவது ஒரு பாட்டு. காதுக்கருவியிற் போவது அதனினும் பெரிது. அதில் ஒலிவாங்கியும் இருக்கின்றது. கூகிளின் விரைவு இணைப்பு முறையைக் கையாளும் பெயர்பெற்ற கம்பெனிகள் சிலவற்றின் காதுக்கருவிகள், வாசல் மூடியிருக்கும்போதும் புதிய தொலைபேசியை ஏற்றுக்கொள்ளுகின்றன என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2026 ஜனவரியில் வெளிப்படுத்தினர். இதற்கு எந்தப் பொத்தானும் உதவாது. கம்பெனியாரின் செயலி மூலம் கருவியின் மென்பொருளைப் புதுப்பிப்பதே வழி. பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் எம் சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும்.

வாடகை வேன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேனின் வானொலிப் பெட்டியில் உங்கள் தொலைபேசியை இணைக்கும்போது, "தொடர்புகளைப் பகிரலாமா" என்ற கேள்விக்கு ஆமென்று தொட்டால், உங்கள் வீட்டுப் பெண்களின் இலக்கங்கள் உட்பட எல்லாம் அந்தப் பெட்டிக்குப் போகலாம். இல்லையென்று சொல்லுங்கள், இறங்குமுன் பெட்டியிலிருந்து உங்கள் பெயரையும் நீக்குங்கள்.

எமது மண்டபத்து ஒலிபெருக்கியில் எத்தனை பேருடைய பெயர் இருக்கின்றதென்று எவருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் அதன் நினைவை அழிக்கப்போகின்றோம். வரும் வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு எந்தத் தொலைபேசி என்பதைச் செயலாளர் இப்போதே சொல்லிவிட்டால், அதை மட்டும் இணைத்துக் கையிலே தருகின்றோம்.