அகலப் பலகையே கொள்வோம்

  

சாலைக் கடைத்தெருவில் எதனையும் நிறுத்தும் அளந்தும் வாங்கப் பழகியவர்கள் நாம். ஆயினும் கடலிலும் காயலிலும் நின்று துடுப்பிடும் பலகையை வாங்குங்கால் அதன் அகலத்தை அளக்க மறக்கிறோம். ஒடுங்கிய பலகை விரைந்து செல்லும் என்பது கேட்டு நாங்களும் ஒன்று வாங்கினோம். கோவளத்தில் அதன்மேல் நின்ற நேரத்தினும் நீரில் விழுந்த நேரமே மிகுதி!

பலகை சாயாது நிற்கும் ஆற்றல் அகலத்தின் மும்மடியைச் சார்ந்தது. நீளம் மாறாதிருக்க, 28 அங்குலத்தை 32 ஆக்கினால் அவ்வாற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆகவே, முதற்பலகை 10 அல்லது 10½ அடி நீளமும், 32 முதல் 34 அங்குலம் வரை அகலமும் உடையதாயிருத்தல் நன்று. அதற்கு மேல் அகன்றால் துடுப்புக்கு நீர் எட்டாது. அலையில் திருப்புவதும் அரிது. முனை சற்றே மேல்வளைந்திருத்தல் வேண்டும். இன்றேல் அலையிற் குத்தும்.

இதனை நம் கடலோர மீனவர் முன்னரே அறிவர். கட்டுமரம் குடைந்த ஓடமன்று. கயிற்றால் பிணைத்த கட்டைகளே. ஏறிய அலைநீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆங்கிலேயர் அப்பெயரைக் கொண்டுபோய் இரட்டை உடற்கலத்திற்குச் சூட்டினர், அது நிற்க.

பிள்ளைகள் முதலில் வேளிக் காயலில் பழகட்டும். அங்கே கடலுக்கும் காயலுக்கும் இடையே மணல்திட்டு ஒன்றே உள்ளது. பொழி திறந்த நாளில் அப்பக்கம் போகலாகாது. மிதவைச் சட்டை எங்கும் வேண்டும். அலையில் காற்கயிறும் வேண்டும். ஆனி, ஆடியில் கடல் வேண்டவே வேண்டா.

எங்கள் ஒடுங்கிய பலகை கடைமாடியில் கிடக்கிறது. இரவல் கேட்டு ஒருவரும் வரவேண்டா, தரமாட்டோம்.