ஆண்மைக் குறைவு: மருந்தும் மூலகாரணமும்

இன்று நாம் பேசப்போகும் விஷயம் வீட்டில் பேசப்படுவதில்லை; கோப்பிக்கடையில் மட்டும் கேலியாகப் பேசப்படுவது. நடுவயதுக்கு வந்த ஆண்களுக்கு விறைப்பு ஏற்படாமல் போவது, ஏற்பட்டாலும் நிலைக்காமல் போவது, அதாவது ஆண்மைக் குறைவு என்று சொல்லுகிறோமே, அதைப் பற்றியது.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களும் போய்விட்டன. ஆனாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாள் எதுவானாலும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, வாத்தியாரே" என்று கேட்கும் வழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது.

அப்படி ஒருவர் வந்தார். சுங்கை சிப்புட் பக்கத்தில் முன்பு பால்மரம் வெட்டியவர்; பிறகு ஈப்போவில் இரவுக் காவல் வேலைக்குப் போனவர். சட்டைப் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, மார்வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும்படி டாக்டர் கொடுத்த மாத்திரைப் புட்டி. மற்றொன்று, தொங்காட் அலி வேரின் படம் போட்ட கோப்பிப் பொட்டலம். புட்டியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. பொட்டலத்தை எத்தனை வேளை கலக்கிக் குடிப்பது என்று கேட்கத்தான் வந்தார்.

இவ்விரண்டும் ஒரே பையில் இருந்ததுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. காரணத்தைச் சொல்லுகிறோம்.

ஆசை எழும்போது நரம்புகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் வெளிப்படுகிறது. அது ரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்துகிறது. ரத்தம் பாய்ந்து நிறைவதால் விறைப்பு உண்டாகிறது. உடம்பில் இவ்வாறு செய்தி சொல்லும் வேலையை இந்தப் பொருள் செய்கிறது என்று கண்டறிந்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சில்டெனாபில் என்ற மருந்து, வயாக்ரா என்னும் பெயரில், அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் இங்கிலாந்தில் அதை மார்வலிக்காகத்தான் ஆராய்ந்தார்கள் என்பது வேடிக்கையான செய்தி. அந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. தளர்ந்த குழாய் சீக்கிரம் சுருங்கிவிடாமல் சில மணி நேரம் காக்கும், அவ்வளவே. நாக்கடியில் வைக்கும் மார்வலி மாத்திரையும் அதே நைட்ரிக் ஆக்சைடு வழியாகவே குழாய்களைத் தளர்த்துகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால்தான் டாக்டர்கள் இந்த மாத்திரையை எழுதிக்கொடுக்குமுன் இருதய மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள்.

கோப்பி மூலிகைதானே என்பீர்கள். 2017இல் அமெரிக்காவில் விற்ற 'கோப்பி ஜந்தான்' என்ற மலாய்ப் பெயர்கொண்ட கோப்பித்தூளைச் சோதித்தபோது, சில்டெனாபிலைப் போன்ற ஒரு ரசாயனம் அதில் இருந்தது. உறையில் அதைக் குறிப்பிடவில்லை. கோப்பியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சிங்கப்பூரில் 2008இல் நடந்தது இன்னும் கொடுமை. முதல் ஐந்து மாதங்களுக்குள், இனிப்புநீர் இல்லாத 150 பேர் ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். நால்வர் இறந்தனர். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் இனிப்புநீருக்கான மாத்திரை மருந்து கலந்திருந்தது பிறகு தெரிந்தது. உறையில் அச்சிட்டதை நாங்கள் படித்துச் சொல்லலாம். அச்சிடாததை யார் படிப்பது? கோப்பியைத் தொடவேண்டாம், பொட்டலத்தை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்தப் பெரியவரை அனுப்பிவைத்தோம்.

சரி, நல்ல மாத்திரையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குறை எதனால் வந்தது? ஆண்குறிக்குப் போகும் ரத்தக் குழாய் மிகவும் மெல்லியது. இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் அதைவிடப் பெரியது. குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்கினால் எது முதலில் தடைபடும்? மெல்லியதுதான். மார்வலி தோன்றுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே படுக்கையறையில் குறை தெரிந்துவிடுவதுண்டு. பலர் இதை வெறும் வெட்கக்கேடு என்று எண்ணி மறைக்கிறார்கள். மனைவிமேல் பழி போடுபவர்களும் உண்டு, அது அநியாயம்.

இனிப்புநீர் குழாயைக் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது! விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் வெட்டியவர்கள் நம் பெற்றோர். நாம் நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரை நாளுக்கு நான்கு கிளாஸ் குடிக்கிறோம்.

சிகரெட்டும் சம்சுவும் காரணம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் இந்தக் குறையை உண்டாக்குவதுண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். மனக்கவலையும் காரணமாகலாம். விடியற்காலையில் தானாக விறைப்பு ஏற்படுகிறது, மனைவியிடம் மட்டும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் அச்சமோ கவலையோ பின்னால் இருக்கும். எப்போதுமே இல்லை என்றால் உடம்பைத்தான் முதலில் சோதிக்கவேண்டும். எப்படியிருந்தாலும் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். ஒரு பொட்டலம் கோப்பியின் விலைகூட வராது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பலருக்குத் தடையாக இருக்கிறது. மலாயில் இதற்கு 'மாத்தி பூச்சோக்' என்று பெயர். துளிர் பட்டுப்போனது என்று பொருள். அதைச் சொல்ல நாக்கு எழவில்லையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.